எங்கே, எப்போது, எத்தனை: தெருவின் குற்றக் கணக்கை நாமே எழுதி, காவல் நிலையத்தில் வைத்துப் பேசுவது எப்படி

"எங்கே நடந்தது? எத்தனை மணிக்கு?"

அந்த அதிகாரி கேட்டது இந்த இரண்டே கேள்விதான். குடியிருப்போர் சங்கத்தில் இருந்து ஏழு பேர் போயிருந்தோம். "ஏரியா முன்ன மாதிரி இல்லைங்க சார், திருட்டு ரொம்ப ஜாஸ்தியாயிடுச்சு, இருட்டினா வெளிய வரவே பயமா இருக்கு" என்று ஆளுக்கு ஒன்றாகச் சொல்லி முடித்திருந்தோம். கேள்வி வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். போன மாதம் ஒரு சைக்கிள் காணாமல் போனது எல்லோருக்கும் தெரியும். அது எந்தக் கிழமை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் கோபப்படவில்லை. "சரிம்மா, ரோந்து போகச் சொல்றேன்" என்றார். இரண்டு வாரம் ஒரு வண்டி தெருவைச் சுற்றிவிட்டுப் போனது. அப்புறம் வரவில்லை.

சங்கத்தின் வரவு செலவை எழுதுவது என் பொறுப்பு. அன்று இரவே அந்தக் கணக்கு நோட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் இருந்து திருட்டுக் கணக்கை எழுத ஆரம்பித்தேன். மூன்று வருடம் ஆகிறது. இன்னொரு தெருக்காரர்கள் எங்களைப் போல வெறுங்கையோடு ஸ்டேஷன் படி ஏறக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் 'ஏரியா' என்ற சொல்லை விடுங்கள்

குற்றம் ஒரு பகுதி முழுக்கச் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. சில முனைகளில், சில வாசல்களில், சில மணி நேரங்களில்தான் குவிகிறது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் குற்றவியல் ஆய்வாளர் லாரன்ஸ் ஷெர்மனும் அவருடைய சகாக்களும் காவல்துறைக்கு ஓராண்டில் வந்த அழைப்புகளை முகவரி வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். 1989-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, நகரத்தின் முகவரிகளில் 3 சதவீதத்துக்குச் சற்றே கூடுதலான இடங்களில் இருந்துதான் பாதி அழைப்புகள் வந்திருந்தன. சியாட்டிலில் டேவிட் வைஸ்பர்ட் குழுவினர் 14 ஆண்டுப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு ஆண்டும் நகரத்துக் குற்றங்களில் பாதி, தெருத் துண்டுகளில் 4, 5 சதவீதத்துக்குள்ளேயே நடந்திருந்தது. தெருத் துண்டு என்றால் ஒரு முக்கில் இருந்து அடுத்த முக்கு வரை.

ஆகவே 'எங்க ஏரியா மோசம்' என்பது ஏறக்குறைய எப்போதுமே தவறான வாக்கியம். மோசமாக இருப்பது ஏரியாவுக்குள் இருக்கும் இரண்டு மூன்று துண்டுகள். அவை எவை என்று கண்டுபிடிப்பதுதான் நோட்டின் வேலை. பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பொத்தாம்பொதுவான ரோந்துதான் கிடைக்கும். அதன் பலன் என்ன என்பதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1972 அக்டோபரில் இருந்து ஓராண்டு காலம், கன்சாஸ் சிட்டியில் 15 ரோந்து எல்லைகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் வழக்கமான ரோந்து. இன்னொன்றில் இரண்டு மூன்று மடங்கு. மூன்றாவதில் யாராவது கூப்பிட்டால் மட்டும் வண்டி வரும். ஆண்டு முடிவில் குற்றத்திலும் வித்தியாசம் தெரியவில்லை, மக்களின் பயத்திலும் வித்தியாசம் தெரியவில்லை. எங்கள் தெருவைச் சுற்றிப் போன அந்த வண்டியைப் பற்றி நான் இப்போது வருத்தப்படுவதில்லை. நாங்கள் கேட்டதைத்தான் அவர் கொடுத்தார்.

நோட்டில் என்ன எழுதுவது

ஒரு சம்பவத்துக்கு ஒரு வரி. நான் போட்டிருக்கும் கட்டங்கள் இவை: கடைசியாக நல்லபடியாகப் பார்த்த நாள், நேரம், காணவில்லை என்று தெரிந்த நாள், நேரம், சரியான இடம், போன பொருள், எப்படிப் போனது, ஸ்டேஷனில் புகார் கொடுத்தார்களா.

இடம் என்பதில் தெருப் பெயர் போதாது. 'பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால், சுவரை ஒட்டி, மூன்றாவது கம்பத்தடியில்' என்கிற அளவுக்கு எழுத வேண்டும். 'எப்படி' என்பதில் பூட்டை உடைத்தார்களா, பூட்டவே இல்லையா, ஜன்னல் திறந்திருந்ததா என்று எழுதுங்கள். பூட்டவில்லை என்பதைச் சொல்ல ஆட்கள் கூச்சப்படுவார்கள். குற்றம் சொல்லும் தொனி துளியும் இல்லாமல் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

நேரத்துக்கு இரண்டு கட்டங்கள் ஏன் என்று பலர் கேட்கிறார்கள். எங்கள் தெருவில் நடந்ததைச் சொன்னால் புரியும்.

முதல் வருடத்தில் அடுத்தடுத்து மூன்று சைக்கிள்கள் போயின. முதல் சைக்கிளின் சொந்தக்காரர் எதிர்வீட்டு அக்கா. "நடுராத்திரிதான் வந்திருப்பான், நாம எல்லாம் அசந்து தூங்குற நேரமா பார்த்து" என்றார். தெரு முழுக்க அதுவே பேச்சாகிவிட்டது. இரவுக் காவலுக்கு முறை போடலாமா என்றுகூடப் பேசினார்கள். நான் அக்காவிடம் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டேன். "கடைசியா சைக்கிளை எப்போ பார்த்தீங்க?" மகன் மாலை 5 மணிக்குக் கொண்டு வந்து நிறுத்தினான். இல்லை என்று தெரிந்தது காலை 7 மணிக்கு. ஆக, நமக்கு உண்மையில் தெரிந்தது 14 மணி நேர இடைவெளி மட்டும்தான். நடுராத்திரி என்பது அக்காவின் பயம் போட்ட நேரம். இரண்டாவது சைக்கிள் மாலை 6 மணிக்கு இருந்தது, 8 மணிக்கு இல்லை. மூன்றாவது 5 மணிக்கு இருந்தது, 9 மணிக்கு இல்லை.

இப்போது ஒரு தாளில் 24 கட்டம் போடுங்கள், மணிக்கு ஒன்று. ஒவ்வொரு திருட்டுக்கும் ஒரு மதிப்பெண். அந்த ஒன்றை அதன் இடைவெளி முழுக்கச் சமமாகப் பங்கிடுங்கள். முதல் சைக்கிளுக்கு 14 மணி நேரம், ஆகவே மணிக்கு 0.07. இரண்டாவதற்கு மணிக்கு 0.5. மூன்றாவதற்கு 0.25. மாலை 6 முதல் 7 வரையிலான கட்டத்தைக் கூட்டினால் 0.82 வருகிறது. நள்ளிரவு 12 முதல் 1 வரையிலான கட்டத்தில் வெறும் 0.07. மூன்று சைக்கிளை வைத்து முடிவு கட்டக் கூடாதுதான். ஆனால் சம்பவங்கள் சேரச் சேர அந்த மாலைக் கட்டங்கள் மட்டும் வளர்ந்துகொண்டே போயின. நாங்கள் விழித்திருக்கத் திட்டமிட்ட நேரம் நள்ளிரவு. சைக்கிள்கள் போன நேரத்தில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இந்தப் பங்கிடும் முறையைக் குற்றப் பகுப்பாய்வாளர்களும் கையாளுகிறார்கள். கணினி வேண்டாம். பென்சிலும் கோடு போட்ட தாளும் போதும்.

எண்கள் ஏறினால் உடனே பதறாதீர்கள்

நோட்டு எழுத ஆரம்பித்ததும் ஒரு புதிய ஆபத்து வரும். போன மாதம் 4, இந்த மாதம் 6. 'ஐம்பது சதவீத உயர்வு' என்று யாராவது தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்கள். கேட்க பயங்கரமாக இருக்கும். சின்ன எண்கள் காரணமே இல்லாமல் ஏறி இறங்கும். அதுதான் அவற்றின் இயல்பு.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. பல மாதங்களின் சராசரியை எடுங்கள். அதன் வர்க்கமூலத்தைக் கண்டுபிடித்து இரட்டிப்பாக்குங்கள். சராசரியில் இருந்து அவ்வளவு மேலேயோ கீழேயோ போனால்தான் ஏதோ மாறியிருக்கிறது என்று யோசிக்க ஆரம்பிக்கலாம். சராசரி 9 என்றால் வர்க்கமூலம் 3, இரட்டித்தால் 6. அப்படியானால் 3-இல் இருந்து 15 வரை எது வந்தாலும் அது வழக்கமான ஏற்ற இறக்கம்தான். சராசரி 4 என்றால் 8 வரை போனாலும் பதற்றம் வேண்டாம். இது தோராயமான கணக்கு. ஆனாலும் எங்கள் சங்கக் கூட்டங்களில் எத்தனையோ வீண் கலவரத்தை இது தடுத்திருக்கிறது. இந்த மார்ச்சைப் போன பிப்ரவரியோடு ஒப்பிடாமல் போன மார்ச்சோடு ஒப்பிடுங்கள். விடுமுறைக் காலத்தில் பூட்டிய வீடுகள் அதிகம், அந்த மாதங்களுக்கென்று தனிக் குணம் உண்டு.

காவல்துறை வெளியிடும் எண்களைப் படிக்கும்போது இன்னொன்றும் மனத்தில் இருக்க வேண்டும். அவை நடந்த குற்றங்களின் எண்ணிக்கை அல்ல, பதிவான குற்றங்களின் எண்ணிக்கை. இந்த இடைவெளியை அறியத்தான் அமெரிக்கா 1973 முதல் வீடு வீடாகப் போய் 'உங்களுக்கு என்ன நடந்தது' என்று கேட்கும் ஆய்வை நடத்துகிறது. இங்கிலாந்தில் அப்படியொரு ஆய்வு 1982-இல் தொடங்கியது. அமெரிக்க ஆய்வில் அண்மை ஆண்டுகளிலும் சொத்து தொடர்பான குற்றங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் காவல்துறை வரை போகிறது என்று தெரிகிறது. ஒரு ஸ்டேஷனில் நல்லபடி நடத்துகிறார்கள் என்ற பெயர் பரவினால் புகார்கள் கூடும். அந்த ஆண்டு 'குற்றம் அதிகரிப்பு' என்று செய்தி வரும். உண்மையில் அது நம்பிக்கை அதிகரித்த ஆண்டாக இருக்கலாம். என் நோட்டின் கடைசிக் கட்டம், அதாவது புகார் கொடுத்தார்களா என்பது, இதற்காகத்தான். முதல் வருடம் பாதிக்கு மேற்பட்டவர்கள் 'இல்லை' என்றார்கள். அப்படியென்றால் ஸ்டேஷன் கணக்கில் எங்கள் தெரு அமைதியான தெரு. எங்களுக்கு ஏன் ரோந்து போட வேண்டும்?

சின்னத் திருட்டானாலும் புகார் கொடுங்கள். பொருள் திரும்பி வராமல் போகலாம். ஆனால் அந்த இடத்துக்கு ஒரு புள்ளி விழும்.

புள்ளி என்றதும் வரைபடம் ஞாபகம் வருகிறது. சில நாடுகளில் காவல்துறையே குற்ற வரைபடத்தை இணையத்தில் வைக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தெரு அளவிலான வரைபடம் 2011-இல் வந்தது. பாதிக்கப்பட்டவரின் வீடு தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக அதில் புள்ளிகளை அருகிலுள்ள பொது இடத்துக்கு நகர்த்தித்தான் காட்டுகிறார்கள். அப்படிப்பட்ட வரைபடத்தைப் பார்த்துவிட்டு 'அந்த வீட்டு வாசல்ல இத்தனை சம்பவமா' என்று யாரும் முடிவு கட்டக் கூடாது. மக்கள்தொகைக்கு இத்தனை குற்றம் என்று போடும் பட்டியலிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பெரிய பஸ் நிலையம் இருக்கும் வட்டத்தில் குடியிருப்பவர்கள் கொஞ்சம், வந்து போகிறவர்கள் ஆயிரக்கணக்கில். குடியிருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அந்த வட்டம் எப்போதும் நகரத்தின் மிக மோசமான இடமாகத்தான் தெரியும்.

ஒரு வீட்டில் நடந்தால் சுற்றியுள்ள ஆறு வீட்டுக்குப் போங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நீங்கள் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒரு முறை திருட்டு நடந்த வீட்டில் மறுபடி நடக்கும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிட அதிகம். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் அந்த ஆபத்து சில வாரங்களுக்குக் கூடுகிறது. வந்தவனுக்கு வழி தெரிந்துவிட்டது, எந்தக் கதவு இலேசானது என்று தெரிந்துவிட்டது. இங்கிலாந்தின் ராச்டேலில் கிர்க்ஹோல்ட் என்று 2,280 வீடுகள் கொண்ட குடியிருப்பு. 1980-களின் நடுவில் அங்கே வீடு புகுந்து திருடுவது மிக அதிகம். ஒரு குழு அங்கே போய், எல்லா வீட்டையும் காப்பதை விட்டுவிட்டு, ஏற்கெனவே திருடு போன வீடுகளை மட்டும் குறிவைத்துக் காத்தது. காசு போட்டு மின்சாரம் பெறும் மீட்டர்களைத்தான் திருடர்கள் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவற்றை எடுத்தார்கள். பூட்டுகளை மாற்றினார்கள். பாதிக்கப்பட்ட வீட்டைச் சுற்றியுள்ள ஆறு வீட்டாரிடம் 'இந்த வீட்டின் மேல் ஒரு கண் வையுங்கள்' என்று கேட்டுக்கொண்டார்கள். மூன்று ஆண்டுகளில் திருட்டு 75 சதவீதம் குறைந்தது.

எங்கள் தெருவில் நாங்கள் செய்வது அதே முறைதான். சம்பவம் தெரிந்த அன்று மாலையே இரண்டு பேர் போகிறோம், ஒருவர் கட்டாயம் பெண். முதலில் பாதிக்கப்பட்ட வீடு. அங்கே நோட்டைப் பிரிக்க மாட்டேன். உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்போம். போன வருடம் வயதான தம்பதி ஒருவர் வீட்டில் பின்கதவை நெம்பித் திறந்திருந்தார்கள். அந்த அம்மா பேசும்போதெல்லாம் தாழ்ப்பாளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். கதவு நிலையில் பிளந்த மரச்சிராய் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. அன்றிரவே தச்சரை வரவழைத்து நிலைக்கு இரும்புப் பட்டை அடித்து, நீளமான திருகாணிகள் போட்டோம். அதற்கு அப்புறம்தான் அவர் உட்கார்ந்தார். அந்தத் தாழ்ப்பாள் நல்ல தாழ்ப்பாள். அதைப் பிடித்திருந்த திருகாணிகள் சுண்டுவிரல் நகத்தின் நீளம்கூட இல்லை. உங்கள் வீட்டுக் கதவிலும் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள்.

பிறகு இரண்டு பக்கமும், எதிரேயும், பின்னேயும் உள்ள வீடுகள். "பக்கத்துல இப்படி நடந்திருக்கு, இன்னும் ஒரு மாசத்துக்குக் கொஞ்சம் கவனமா இருங்க, பின்கதவைப் பாருங்க, அவங்க வீட்டுப் பக்கம் சத்தம் கேட்டா போன் பண்ணுங்க." இவ்வளவே போதும். தெருவுக்கே எச்சரிக்கை மணி அடித்தால் பத்து நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஆறு வீட்டுக்கு மட்டும் சொன்னால் அது அவர்களுடைய பொறுப்பாகிவிடுகிறது.

ஆளைத் தேடாமல் இடத்தைப் பாருங்கள்

மேற்கு ஜெர்மனியில் தலைக்கவசம் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு 1980-இல் உடனடி அபராதம் கொண்டுவந்தார்கள். விபத்துக் காயத்தைக் குறைப்பதுதான் நோக்கம். ஆனால் மோட்டார் சைக்கிள் திருட்டு ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்தில் இருந்து ஆறு ஆண்டுகளில் ஐம்பதாயிரத்துச் சொச்சத்துக்கு வந்துவிட்டது. போகிற போக்கில் வண்டியை எடுக்க நினைப்பவனிடம் தலைக்கவசம் இருக்காது, போடாமல் ஓட்டினால் பிடிபடுவான். யாரையும் திருத்தவில்லை, வாய்ப்பு மட்டும் அடைபட்டது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கணக்கு இது.

நோட்டு காட்டிய இடத்துக்கு, அது காட்டிய நேரத்தில் போய் நில்லுங்கள். மதியம் போனால் ஒன்றும் புரியாது. எங்கள் நோட்டு காட்டியது பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் உள்ள சுவரை ஒட்டிய துண்டு. மாலை 6.30-க்கு நான்கு பேர் போய் நின்றோம். விளக்குக் கம்பம் இருக்கிறது, விளக்கும் எரிகிறது. ஆனால் மரக்கிளை அதை மூடி, வெளிச்சம் எல்லாம் இலைக்குள்ளேயே நின்றுவிட்டது. கீழே கைரேகைகூடத் தெரியாத இருட்டு. சைக்கிள்களைக் கட்ட ஒரு கம்பிகூட இல்லை, எல்லாம் சக்கரத்தில் மட்டும் பூட்டிய சைக்கிள்கள். தூக்கிக்கொண்டு நடந்தால் இருபது அடியில் ஒரு சந்து. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்றரை வருட நோட்டும் பத்து நிமிட நிற்றலும் தேவைப்பட்டன.

வெளிச்சம் முக்கியம். 2016-இல் நியூயார்க்கில் சில பொதுக் குடியிருப்புகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து விளக்குக் கோபுரங்கள் வைத்துப் பார்த்தார்கள். இரவு நேரத்தில் வெளியிடங்களில் நடக்கும் கடுமையான குற்றங்கள் 36 சதவீதம் குறைந்ததாக அந்த ஆய்வு கண்டது. சிசிடிவி பற்றி 40 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் பார்த்ததில் சராசரிக் குறைவு 13 சதவீதம்தான், அதிகப் பலன் வண்டி நிறுத்துமிடங்களில். ஆகவே சங்கத்தில் பணம் சேர்த்தால் முதலில் விளக்கு, அப்புறம் கட்டுவதற்குக் கம்பி, கடைசியில்தான் கேமரா. தெரு முழுக்கக் கேமரா மாட்டிவிட்டு அதைப் பார்க்க ஆளில்லாமல் விடுவதைவிட, நிறுத்துமிடத்தில் ஒன்று வைத்து அதன் கண்ணாடியை மாதம் ஒரு முறை துடைப்பது மேல்.

இந்த இடத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். நோட்டில் ஆளின் தோற்றம், சாதி, மொழி, ஊர், 'சந்தேகப்படும்படி திரிந்தவர்' என்று ஒரு சொல்லும் எழுதாதீர்கள். குற்றம் நடப்பதைக் கண்ணால் பார்த்தவர் இருந்தால் அவர் நேரே போலீசிடம் சொல்லட்டும். குழுவில் முகம் தெரியாதவரின் படத்தைப் போடவே போடாதீர்கள். 2018-இல் இந்தியாவில் பல இடங்களில் 'குழந்தை கடத்துபவர்கள்' என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பிக் கூட்டம் கூடி, ஒரு பாவமும் அறியாதவர்களை அடித்தே கொன்றது. அதற்குப் பிறகுதான் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி அந்த நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு போட்டது. எங்கள் குழுவில் ஒரு முறை ஒருவர், சுவரில் உட்கார்ந்து பேசும் பையன்களின் படத்தைப் போட்டு 'இவங்கதான்' என்று எழுதினார். நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பையன்கள் உட்கார்ந்திருந்த மாலைகளில் அந்தத் துண்டில் ஒரு சைக்கிளும் போகவில்லை. அவர்கள் இல்லாத நாட்களில்தான் போயிருந்தது. அவர்கள்தான் அங்கே இருந்த கண்கள். படத்தை நீக்க வைத்து, அந்தப் பையன்களின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டோம்.

ஸ்டேஷனில் என்ன கேட்பது

இரண்டாவது முறை மூன்று பேர் போனோம், ஒரே ஒரு தாளோடு. மேலே கையால் வரைந்த தெருப்படம், சம்பவம் நடந்த இடங்களில் சிவப்புப் புள்ளி. கீழே 24 கட்டம், மாலைக் கட்டங்களுக்கு நிழல் போட்டது. அடியில் மூன்று வரி: நாங்கள் என்ன செய்துவிட்டோம், என்ன செய்யப் போகிறோம், உங்களிடம் என்ன கேட்கிறோம். அதே அதிகாரிதான். தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, படத்தில் அந்தச் சந்து இருக்கும் இடத்தை விரலால் தொட்டு, "இதோட அடுத்த முனை எங்க திறக்குதுன்னு பார்த்தீங்களா?" என்றார். நாங்கள் பார்க்கவில்லை. அது ரயில் பாதையை ஒட்டிய பாதையில் திறக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம்மிடம் இருப்பது ஒரு தெருவின் கணக்கு, அவர்களிடம் பத்துத் தெருவின் கணக்கு. கொடுத்தால்தான் அவர்களும் கொடுப்பார்கள்.

கேட்க வேண்டியதைத் துல்லியமாகக் கேளுங்கள். 'ரோந்தை அதிகப்படுத்துங்கள்' என்பது கோரிக்கை ஆகாது. மினியாபொலிஸில் 1988-இல் தொடங்கிய சோதனையில் 110 இடங்களைத் தேர்ந்தெடுத்து, பாதியில் மட்டும் போலீசாரின் நடமாட்டத்தைக் கூட்டினார்கள். அந்த இடங்களில் குற்ற அழைப்புகள் மற்ற பாதியைவிட 6 முதல் 13 சதவீதம் வரை குறைந்தன. அதே சோதனையின் பதிவுகளை ஆராய்ந்த கிறிஸ்டோபர் கோப்பர், ஓரிடத்தில் 10 முதல் 15 நிமிடம் நின்றுவிட்டுப் போவதில்தான் அதிகப் பலன் என்றார். அதற்கு மேல் நிற்பதில் கூடுதல் பலன் குறைந்துகொண்டே போகிறது. ஆகவே நாங்கள் கேட்டது இது: "மாலை 6-ல இருந்து 9-க்குள்ள, நேரம் மாத்தி மாத்தி, இந்தத் துண்டுல பதினைந்து நிமிஷம் ஒருத்தர் இறங்கி நின்னா போதுங்க சார்." ஆள் பற்றாக்குறை இருக்கும் ஸ்டேஷன்கூடப் பதினைந்து நிமிடத்தைத் தட்டிக்கழிப்பது கடினம்.

'பயல்களை எல்லாம் பிடித்து விசாரியுங்கள்' என்று மட்டும் கேட்காதீர்கள். சிகாகோவில் மக்களிடம் டாம் டைலர் நடத்தி 1990-இல் வெளியிட்ட ஆய்வு, போலீஸ் தங்களை நியாயமாக நடத்துகிறது என்று உணர்பவர்கள்தான் சட்டத்தை அதிகம் மதிக்கிறார்கள் என்று காட்டியது. இன்று காரணமில்லாமல் நிறுத்தி அவமானப்படுத்தப்பட்ட பையன், நாளை சாட்சி சொல்ல வர மாட்டான்.

விரட்டினால் அடுத்த தெருவுக்குத்தானே போவார்கள் என்று எங்கள் சங்கத்திலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஜெர்சி சிட்டியில் இதையே சோதித்து 2006-இல் வெளியிட்டார்கள். குற்றம் சுற்றுப்புறத்துக்கு நகரவில்லை, அங்கேயும் சற்றுக் குறைந்தே இருந்தது. ஆனாலும் எங்கள் தாளின் ஒரு நகலை அடுத்த தெருச் சங்கத்துக்கும் கொடுத்தோம்.

அதற்குப் பிறகு

மாநகராட்சிக்கு எழுதிக் கிளையை வெட்ட வைத்தோம். சுவரோரம் கம்பி நட்டோம். போலீஸ்காரர் ஒருவர் மாலையில் வந்து நிற்க ஆரம்பித்தார். முதல் மூன்று அரையாண்டுகளில் 10, 12, 11 என்று இருந்த எண்ணிக்கை நான்காவது அரையாண்டில் 4. சராசரி 11, வர்க்கமூலம் ஏறக்குறைய 3.3, இரட்டித்தால் 6.6. ஆகவே கீழ்க்கோடு 4.4. நான்கு என்பது அதற்குச் சற்றுக் கீழே. மாறியிருக்கிறது என்று கூட்டத்தில் சொன்னேன். கிளையாலா, கம்பியாலா, போலீஸ்காரராலா என்று கேட்டார்கள். மூன்றையும் ஒரே மாதத்தில் செய்துவிட்டோம், பிரித்துச் சொல்ல முடியாது என்றேன். நீங்கள் செய்யும்போது ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாத இடைவெளி விடுங்கள்.

ஐந்தாவது அரையாண்டில் 7. அந்த அதிகாரிக்கு இடமாற்றம், மாலையில் நிற்க வந்தவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார். கோட்டுக்குள் இருக்கும் எண் என்பதால் அதை வைத்து மட்டும் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் பிலடெல்பியாவில் 2009-இல் நடந்த நடை ரோந்துச் சோதனை ஞாபகத்துக்கு வந்தது. 60 இடங்களில் காவலர்கள் நடந்தார்கள், வன்முறைக் குற்றம் 23 சதவீதம் குறைந்தது. நடப்பதை நிறுத்தியதும் அந்தப் பலனும் கரைந்துபோனது.

ஆகவே இப்போது எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஸ்டேஷனுக்குப் புது அதிகாரி வந்த முதல் வாரத்திலேயே இரண்டு பேர் போகிறோம். புகார் சொல்லப் போவதில்லை, வணக்கம் சொல்லிவிட்டுத் தாளின் புது நகலைக் கொடுக்கப் போகிறோம். பழைய தாள்களையும் தேதி வாரியாகச் சேர்த்து ஒரு கோப்பாகக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்கி வருகிறோம். நோட்டை இனி என்னிடம் மட்டும் வைத்திருக்கக் கூடாது என்று எதிர்வீட்டு அக்காவின் மகனுக்கு எழுதக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். போன வாரம் அவன் எழுதிய முதல் வரியில் 'கடைசியாகப் பார்த்த நேரம்' என்ற கட்டம் காலியாக இருந்தது. திருப்பி அனுப்பினேன், கேட்டு எழுதிக்கொண்டு வந்தான்: மாலை 6.40.